குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில்

ஈசல் என்றால் ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அவை எங்கள் படுக்கையறையிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தன.

ஏப்ரல் மாதம், மாலை ஆறு மணி. அந்த வருடத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கரண்ட் இல்லை. எங்கள் ஏரியா ஜோகுபாளையத்தில் மழைக்குக் கரண்ட் போவது செய்தியே இல்லை. கட்டிலில் படுத்திருந்த என் மனைவி, "என்னங்க, மேலேருந்து ஏதோ விழுது," என்றாள். போய்ப் பார்த்தேன். அவள் போர்வையிலும் தலையணையிலும் கூந்தலிலும் மெல்லிய இறக்கைகள். அறை முழுக்கப் பறந்தவை ஜன்னலின் மிச்ச வெளிச்சத்தை நோக்கிப் போயின. ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

நான் ஒரு தினசரியில் உதவி ஆசிரியர். பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது வேலை. அதற்கு முன்னால் சில வருடங்கள் போலீஸ் செய்திகள் எழுதியிருக்கிறேன். எதையும் ஆரம்பித்த இடத்திலிருந்து பார்ப்பது அப்போது வந்த பழக்கம். ஈசல்கள் ஆரம்பித்த இடத்தைத் தேடினேன். கட்டிலுக்கு நேர் மேலே, உத்தரம் சுவருக்குள் நுழையும் மூலையில் நகக்கண் அளவு வெடிப்பு ஒன்று இருந்தது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு அதிலிருந்து வந்தன. வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தது குளவிக் கூடு.

அந்தக் கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு நின்று, இரண்டும் ஐந்தாம் மாதத்துக்குள் போய்விட்டன. மூன்றாவது முறை என்று உறுதியான வாரத்தில்தான் ஒரு குளவி அந்த மூலைக்கு மண் கொண்டுவந்தது. பகலில் அவளுக்குத் துணையாக இருந்த பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கலைச்சிடாதம்மா. குளவி கூடு கட்டுச்சுன்னா வீட்டுக்குப் புள்ள வருதுன்னு அர்த்தம்," என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு முறை இழந்த வீட்டில், நம்பாததைக்கூடக் கலைக்கத் துணிச்சல் வராது.

டாக்டர் அவளை எழுந்து நடமாட வேண்டாம், பஸ் பயணம் அறவே கூடாது என்று சொல்லியிருந்தார். நாள் முழுக்க மல்லாந்து படுத்திருப்பவளுக்குப் பார்க்க இருந்தது அந்தக் கூடு ஒன்றுதான்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வந்தவர், "சார், இந்த மண்ணைச் சொரண்டிட்டு அடிச்சாதான் நிக்கும்," என்றார். அந்த மூலையை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். பிப்ரவரியில் கூட்டுக்குப் பக்கத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு தெரிந்தது. மார்ச்சில் அது ஒரு சாண் நீண்டது. "இன்னொண்ணும் கட்டுதா? அப்ப ரெட்டைப் புள்ளதான். தொட்டில் ரெண்டா வாங்குங்க தம்பி," என்றார் அக்கா. மூவரும் சிரித்தோம். தினமும் முப்பது பத்தி பிழை திருத்துகிறவன் அந்தக் கோட்டை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். குளவி எதுவும் அதன் பக்கம் வரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஈசல் அடங்கியதும் ஸ்டூல் போட்டு ஏறினேன். ஸ்க்ரூ டிரைவரை உத்தரத்தில் வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. மரத்தில் குத்திய உணர்வே இல்லை, ரொட்டியில் குத்தியதுபோல இருந்தது. மெதுவாக வெளியே இழுத்தபோது கூடவே செம்மண் தூள் கொட்டியது. தூளில் வெள்ளையாகச் சில நெளிந்தன.

"என்னங்க அது?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"ஈசல் வந்த ஓட்டை. நீ எழுந்து ஹாலுக்கு வா," என்றேன். என் குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன்.

அது மெட்ராஸ் டெரஸ் வீடு. கூரையைத் தாங்குவது கான்கிரீட் அல்ல. வரிசையாக மர உத்தரங்கள், அவற்றின்மேல் சிறு செங்கற்களும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு சாண் கனம். வாங்கும்போது தேக்கு என்றார்கள். அந்த ஒரு சாணின் எடை என்ன இருக்கும் என்று அன்று ராத்திரி ஹாலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் பூச்சிமருந்து அடிப்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழ் சரளமாகப் பேசினார். எட்டணாக் காசு ஒன்றால் உத்தரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் டங்கென்று பதில் சொன்னது. மூலை உத்தரத்தில் சத்தமே வரவில்லை.

"கெத்தலு சார். கரையான். உள்ளே பூரா தின்னாச்சு," என்றார். "இது தேக்கு இல்ல. யாரோ நடுவுல மாத்தியிருக்காங்க. பெயிண்ட் மட்டும்தான் தேக்கு."

குளவிக் கூட்டைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இது குளவி வச்சதுதான். சின்னச் சட்டி மாதிரி வழவழன்னு இருக்கு பாருங்க. இந்தக் கோடு கரையான் போற ரோடு. ரெண்டும் மண்ணுதான், யாருக்குத் தெரியும்," என்றவர் ஹால் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு எத்தனை மாசம்?"

"ஆறு."

பையை மூடினார். "மருந்து போட மாட்டேன் சார். இந்த வாடையிலே அவங்க இருக்கக் கூடாது. ஒரு மாசம் வேற எங்கியாவது போயிடுங்க, அப்புறம் கூப்பிடுங்க."

போவதற்கு இருந்த ஒரே இடம் வேலூரில் என் அண்ணன் வீடு. அதற்குப் பஸ் ஏற வேண்டும். இங்கே இருந்தால் கூரை, போனால் பயணம், மருந்து போட்டால் விஷம். மூன்றில் எதைத் தொட்டாலும் அது அவள் வயிற்றில் போய் முடிந்தது. ஹால் உத்தரங்கள் எல்லாம் தேக்கு, பயப்பட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம். பழுதான உத்தரத்துக்கு அடியில் இரண்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என் நாள் காசு தட்டுவதில் தொடங்கியது. ஹாலில் ஒன்பது உத்தரங்கள். ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி ஒன்பதையும் தட்டிவிட்டுத்தான் ஆபீஸ் போனேன். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது முதலில் எங்கள் கூரை தெரிகிறதா என்று பார்ப்பேன். ஹால் கட்டிலில் படுத்திருக்கிறவள் சில நேரம், "ஷ்ஷ்," என்பாள். இருவரும் காது கொடுப்போம். கேட்டது உண்மையில் மரத்தின் சத்தமா, எங்கள் ரத்தத்தின் சத்தமா என்று தெரியாது. மெல்லும் சத்தம் கேட்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்காததுதான் அதிகம் பயமுறுத்தியது.

உத்தரம் சுவருக்குள் போகும் இடத்தில், அதன் கீழ் விளிம்பை ஒட்டிச் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஜூன் மாதம் மழை பிடித்தது. இரண்டாவது வாரம் பார்த்தபோது கோடு உத்தரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. உத்தரம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

மேஸ்திரி வந்து பார்த்தார். "இது விழுந்தா இது மட்டும் விழாது சார். நடுச்சுவரு தலையைப் பேத்துக்கிட்டுதான் வரும். ஹால் உத்தரமெல்லாம் உக்காந்திருக்கிறது அதே சுவர் மேலதான்," என்றார். இத்தனை நாள் பத்திரமான இடம் என்று நான் தட்டித் தட்டிப் பார்த்துவந்த ஹாலும் அத்துடன் போயிற்று.

இரும்பு கர்டர் ஒன்றைக் கொடுத்து, கெட்ட மரத்தை எடுத்துவிடுவது என்று முடிவானது. மருந்து பிரசவத்துக்குப் பிறகு. எட்டாம் மாதப் பரிசோதனைக்கு மனைவியை அக்கா ஆட்டோவில் அழைத்துப் போன நாளை இதற்கு வைத்துக்கொண்டேன். தூசி வராமல் இருக்க என்று அவளிடம் சொன்னேன். கூட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேஸ்திரி சாரத்தில் ஏறினார். மூலைக்குப் போன கை நின்றது. "குளவிக் கூடு இருக்குதே. வீட்டுல அம்மா மாசமா இருக்காங்க. நான் தொட மாட்டேன் சார், எனக்கும் பொண்ணு இருக்குது. நீங்களே எடுத்துடுங்க."

அவரை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினேன். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி முழுசாக எடுத்து ஒரு டப்பாவில் வைப்பது என் யோசனை. கூட்டின் பின்பக்கத்தையும் கரையான் அரித்திருந்தது. தொட்டதும் என் விரல்களுக்கு நடுவில் தூளாகிக் கீழே சுண்ணாம்புக் குப்பையில் கலந்தது. உள்ளே என்ன இருந்தது, எதுவும் இருந்ததா என்று பார்க்க முடியவில்லை. எங்களுக்குப் போன் வருவது பக்கத்து வீட்டுக்குத்தான்; ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் எடுக்க அங்கே ஆள் இல்லையே என்பதுதான் அப்போது ஓடியது.

பக்கத்து வீட்டில் போன் மணி எதுவும் அடிக்கவில்லை. ஒரு மணிக்கு ஆட்டோ வந்தது. அக்கா முதலில் இறங்கி, "எல்லாம் நல்லா இருக்குதாம்," என்றார். நல்லா இருக்கிறது என்பதை டாக்டர் எத்தனை மணிக்குச் சொன்னார் என்று கேட்டேன். நான் கூட்டைத் தொட்டது பத்தே காலுக்கு. அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். பத்து மணியாம். நான் தொடுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக.

இப்போது எழுதும்போது அது எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது. அடுத்த மூன்று நாட்கள் அந்தக் கால் மணி நேரத்தோடுதான் இருந்தேன். அவள் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்தேன். "அசையுதா?" என்று கேட்டேன். "அசையுது," என்றாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை நான் ஸ்டூலை எடுத்தபோது, "கொஞ்சம் உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன்.

"கூட்டை எடுத்துட்டீங்கதானே?"

"ஆமாம்."

"அது காலிக் கூடுங்க. கட்டிலை இங்க மாத்தின வாரமே குளவி வெளிய வந்திடுச்சு. அந்த ரூமுக்குத் துணி எடுக்கப் போனப்ப நானே பாத்தேன். ஓட்டை போட்டுக்கிட்டு வந்து, ஜன்னல் கம்பியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அந்த ரூமுக்குள்ள போனேன்னு சொன்னா நீங்க இன்னும் பயப்படுவீங்க," என்றாள்.

ஜூலை கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பூச்சிமருந்துக்காரர் சுவரடியில் துளைகள் போட்டு மருந்து இறக்கினார். வாடை அடங்க வெகுநாள் ஆயிற்று. அதுவரை அக்கா தன் வீட்டு முன்னறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு வீடு திரும்பி, அதே படுக்கையறையில், கர்டருக்கு அடியில் தொட்டிலைக் கட்டினோம். ஒரே தொட்டில்தான்.

முதல் நாள் காலை காசை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். மரங்களைத் தட்டி முடித்துவிட்டு, கையோடு கர்டரையும் தட்டினேன்.

"அது இரும்புங்க. குழந்தை முழிச்சுக்கப் போகுது," என்றாள்.

தெரியும் என்றேன். இறங்கினேன். அவள் குளிக்கப் போனதும் ஏறி இன்னொரு முறை, மெதுவாக, தட்டிப் பார்த்தேன்.