கடைசிக்கு முந்தின பல்

தேத்தண்ணியை வாயில் வைப்பதற்கு முன் அழகுமுத்து இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் பார்ப்பார்களே, அதே பக்குவம். சூடு சரியென்று பட்டால் தலையை வலது தோள் பக்கம் சாய்த்து, கோப்பையை வாயின் வலது ஓரத்தில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுகிறார். இடப்பக்கம் ஒரு துளி போனாலும் கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின பல்லிலிருந்து காது வரைக்கும் சுரீரென்று இழுக்கும். "என்னா, கழுத்துச் சுளுக்கா?" என்று யாராவது கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிடுகிறார். பல் என்று ஒத்துக்கொண்டால் வரிசை வீட்டு லயமே கூடி நியாயம் பேச வந்துவிடும்.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் கவ்வாத்துக்காரர். வயது ஐம்பத்தொன்று. முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, மறுபடி தளிர்க்க வைக்கிற வேலை. கொப்பு பிளக்கக் கூடாது, பட்டை கிழியக் கூடாது, ஒரே வீச்சில் சாய்வாக விழ வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் பல்லைக் கடிப்பார். முப்பது வருடப் பழக்கம்.

வெட்டும்போது மட்டுமல்ல. வாய்தான் அவருக்கு மூன்றாவது கை. கயிற்று முடிச்சை அவிழ்ப்பது, உரப்பையைக் கிழிப்பது, வயரைச் சீவுவது எல்லாம் பல்லால்தான். கல்யாண வீடென்றால் சோடா மூடி கழற்ற அவரைத்தான் தேடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பந்தியில் பதினாலு போத்தலை வரிசையாகத் திறந்தவர், பதினைந்தாவதில் அந்தப் பல்லின் மூலையை உடைத்துக்கொண்டார். "மூடிதான் ஒடஞ்சிச்சு" என்று அன்றைக்கும் சாதித்தார். உடைந்த இடத்தில் சொத்தை விழுந்து, போன மாதம் கன்னம் வீங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

தோட்டத்தில் பல் வலித்தால் ஒரே மருந்துதான். புடுங்குவது. கூட வேலை செய்கிற பழனியாண்டிக்கு வாயில் மிச்சம் நாலே பல். அதை ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். "நாலுதான் இருக்கு, நாலும் நோவாது. நீ முப்பத்திரண்ட வச்சிக்கிட்டு என்னா சொகத்தக் கண்ட?" அழகுமுத்துவின் அக்கா சீதாலெட்சுமி நாற்பது வயதிலேயே முன்பல் நாலையும் கொடுத்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார். வேறு வழி உண்டென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தத் தலைப்பு வாய்க்குப் போகும்போதெல்லாம் அழகுமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

டவுன் ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். சுவரில் 'பற்களைப் பாதுகாப்போம்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். அழகுமுத்து இரண்டு மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனதும் இளம் டாக்டரம்மா வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நிமிராமலே சிங்களத்தில், "கலவலா தாமு" என்றார். கழற்றிப் போட்டுவிடலாம் என்று அர்த்தம். அரசாங்க மேசைக்கு முன்னால் எது சொன்னாலும் "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டியே பழகிய மனிதர், அன்றைக்கு என்ன வந்ததோ, "எபா" என்றார். வேண்டாம். சொல்லிவிட்டு வெளியே சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். டாக்டரம்மா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தும் விட்டார். அடுத்த வியாழன் வரச் சொல்லி, சொத்தையைச் சுரண்டி அடைத்துக் கொடுத்தார். "ஒரு மாசம் வரைக்கும் கூசும், பயப்பட வேணாம். கடிக்கும்போது வலிச்சா மட்டும் திரும்பி வாங்க" என்று பக்கத்தில் நின்ற தாதி தமிழில் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சேதியோடு லயத்துக்கு வந்தவரைப் பழனியாண்டி சும்மா விடவில்லை. "அடச்சிட்டு வந்தியா? ஓட்டச் சட்டிக்கு ஈயம் பூசுன கத தான். ஒரு மாசத்துல நீயே போயி புடுங்கிட்டு வருவ பாரு." கவ்வாத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அழகுமுத்துவுக்கு முகம் சுளிக்கவும் சுதந்திரமில்லை.

காலையில் எல்லாரும் பீலியில் வாய் கொப்பளிப்பார்கள். மலையிலிருந்து குழாய் வழி விழுகிற அந்தத் தண்ணீர் நல்ல பல்லையே கிடுகிடுக்க வைக்கும். இவர் வீட்டிலிருந்து ஒரு டின்னில் சுடுதண்ணி கொண்டுபோகிறார். "தொர வந்துட்டாருடா" என்று வழிவிடுவார்கள். இவரும் துரை மாதிரியே நடந்துபோய்க் கொப்பளித்துவிட்டு வருவார். காற்று அடிக்கிற நாளில் வாயைத் திறக்காமல் மூக்கால் பேசுவார். சீனி தொட்ட பலகாரம் பக்கமே போவதில்லை.

கூச்சத்தை இப்படிச் சமாளித்துவிட்டார். கடியைச் சமாளிக்க முடியவில்லை. கத்தியை ஓங்கிப் பல்லைக் கடிக்கிறபோதெல்லாம் அந்த ஒரு பல் முதலில் இடித்தது. நாலாவது நாள் வீச்சு பிசகிக் கொப்பு பிளந்தது. பழனியாண்டி பிளந்த கொப்பை எடுத்துக்காட்டி, "வேலையும் கெடுது. புடுங்கிப் போட்டுட்டு வாப்பா" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அழகுமுத்துவை உசுப்பிவிட்டது.

"ஏண்ணே, ஒரு கொப்பு காஞ்சிச்சின்னா கொப்பத்தான வெட்டுறோம்? செடியவா புடுங்குறோம்? புடுங்குறதுக்கு எந்தப் பயலாலயும் முடியும். அதுக்கு கவ்வாத்துக்காரன் எதுக்கு?"

பேசிவிட்டார். ஆனால் பயம் உள்ளே இருந்தது. திரும்பிப் போனால் இந்தத் தடவை புடுங்கியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அக்கா மாதிரி வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் வருவதை நினைத்துப் பார்த்தார். மனைவி நாகலெட்சுமிதான் சோற்றைக் குழைத்து வைத்துவிட்டு, "கடிச்சா வலிச்சா வரச் சொன்னாங்கல்ல? வலிக்குதுங்களா இல்லீங்களா?" என்று நேராகக் கேட்டார். இத்தனை நாளில் முதல் தடவையாக, "வலிக்குது" என்றார்.

ஒளித்துப் போகவில்லை. மறுநாள் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு நிற்கிற இடத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் உரக்கவே சொன்னார்: "பல்லுக்கு லீவு வேணுங்க." பின்னால் சிரிப்பு எழுந்தது. "புடுங்குன பல்லப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்து காட்டு" என்றது பழனியாண்டியின் குரல்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேறு டாக்டர். வயதானவர். அட்டையைப் பார்த்தார், அழகுமுத்துவின் தேய்ந்த செருப்பைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவர் "எபா" என்றுவிட்டார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கேட்க வந்தது வேறு. ஒரு நீலக் கடதாசித் துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். அடைப்பு மயிரிழை அளவுக்கு உயர்ந்திருந்ததாம். அதைத் தேய்த்துவிட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடித்துப் பார்த்தார். வலியில்லை. இன்னும் ஒருதரம் கடித்தார். பிறகு பஸ் ஏறி அக்கரப்பத்தனையில் இறங்கும் வரைக்கும் சும்மாவே கடித்துக்கொண்டு வந்தார்.

கூச்சம் போகவில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

லயத்துக்குத் திரும்பியபோது வேலை முடிந்து ஆட்கள் பீலியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். குடத்தோடு அக்காவும் நின்றார். பழனியாண்டி வழியை மறித்து, "எங்க, காட்டு" என்றார். அழகுமுத்து வாயைத் திறந்து காட்டினார். பல் இருந்தது. "இருந்தா என்னா? சுடுதண்ணிப் பல்லு தான" என்றார் பழனியாண்டி.

அழகுமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பீலிக்குக் கீழே குனிந்து, விழுகிற தண்ணீரை வாய் நிறையப் பிடித்தார். பிடித்ததை இடது கன்னத்துக்குத் தள்ளி அப்படியே வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பழனியாண்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது. வலது கால் பெருவிரல் சேற்றுக்குள் நகம் மறைகிற வரை இறங்கியது. அக்கா அந்தக் காலைப் பார்த்துவிட்டார். தலைப்பைத் தேட மறந்து சிரித்தார்.

தண்ணீரை விழுங்கிவிட்டு, அழகுமுத்து இன்னொரு வாய் பிடிக்கக் குனிந்தார்.