நான் வெட்டிய கொடி

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலுக்கு வெளியே நிற்கும் கிளெமாற்றிஸ் கொடி என் மனைவி நட்டது. மே கடைசியில் நீலநீலமாகப் பூத்துத் தொங்கும். ஸ்னோ தள்ளுவது என் வேலை, கொடி அவள் வேலை. அதில் நான் தலையிட்டதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று வைத்தியர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பூவை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். யன்னலடியில் கதிரையைப் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் பார்த்தால் கொடி காய்ந்த சுள்ளியாக நின்றது. ஊரில் மல்லிகையை ஒட்ட வெட்டிவிட்டால் புதுத் தளிர் விட்டுப் பூத்துக் கொட்டும். எனக்குத் தெரிந்த தோட்டக்கலை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி, அவள் நித்திரையாக இருந்த நேரம் ஒரு சாண் மட்டும் விட்டு மிச்சம் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினேன். எழும்பியதும் கூட்டிவந்து காட்டினேன். அவள் வெட்டிக் கிடந்த தண்டுகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு, வடிவாக வெட்டியிருப்பதாகச் சொன்னாள்.

தளிர் வந்தது, இலை வந்தது. ஜூன் பாதியாகியும் ஒரு மொட்டுக்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி வேலியோரம் வந்து, இந்த இனம் போன வருடத்துத் தண்டில்தான் பூக்கும், ஏன் வெட்டினாய் என்று கேட்டாள்.

உள்ளே போய், உனக்கு இது தெரியுமா என்று மனைவியிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவளில் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது?

"ஓம், தெரியும். எவ்வளவு ஆசையா வெட்டிப்போட்டு வந்து நிண்டனீங்கள். அதுக்குப் பிறகு சொல்லி என்ன செய்யிறது?" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "வாற வருசம் பூக்குமப்பா. இனி வெட்டிப்போடாதேங்கோ" என்றாள்.

ஓகஸ்ட்டில் போய்விட்டாள். அடுத்த மே மாதம் கொடி இலை தெரியாமல் பூத்தது. அவளுடைய கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

பூத்து முடிந்த கையோடு கொஞ்சம் வெட்டலாம், அதனால் பாதகமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொரு வருடமும் சொல்கிறாள். நான் தலையாட்டுவதோடு சரி. கொடி யன்னலை முழுதாக மூடிவிட்டது. இப்போது பகலிலும் லைற் போட்டுத்தான் தேத்தண்ணீர் வைக்கிறேன்.