மே மாதத்தில் ஸ்வெட்டர்

பம்பாயின் மே மாத வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. முதல் அறிகுறி அதுதான். மின்சார ரயிலின் லேடீஸ் டப்பாவில் எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்க, நான் மட்டும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

மாட்டுங்காவில் வீடு, ஃபோர்ட் பகுதியில் டைப்பிஸ்ட் வேலை. அப்பா ரிடையராகிவிட்டார், அதனால் என் சம்பளம்தான் வீட்டுக்கு. அக்டோபர் கடைசியில் வேகப் பரீட்சை. தேறினால்தான் வேலை நிரந்தரம். ஏஸி அறையில் விரல்கள் விறைத்துப்போய், ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுத் தப்பு விழுந்தது.

முடி கொட்டியது. முகம் உப்பியது. பகலெல்லாம் தூக்கம் வந்தது. மாதவிலக்கு பத்து நாள் வரை நீண்டது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

"வெய்யக் காலத்திலே ஸ்வெட்டரா? எல்லாம் சோம்பல்டி" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. நோயா சோம்பலா என்று என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியவில்லை.

ஜூலையில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். மராத்திக்காரர். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹைபோதைராய்டிசம் (கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காதது) என்று முடிவு வந்தது. தினம் காலையில் ஒரு மாத்திரை, 'காலி பேட்', வெறும் வயிற்றில். சோம்பல் இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மாதங்கள் போயின. குளிர் போகவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள், அதே கதை. டாக்டர் என்னை உற்றுப் பார்த்து, "நிஜமாகவே சாப்பிடுகிறாயா?" என்று ஹிந்தியில் கேட்டார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனாலும் திருடிப் பிடிபட்டது மாதிரி அழுதேன்.

பரீட்சையில் தோற்றேன். மானேஜர் மூன்று மாதம் தவணை கொடுத்தார், அதுதான் கடைசி என்றார்.

அடுத்த முறை அம்மாவும் கூட வந்தாள். எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறாய், வரிசையாகச் சொல் என்றார் டாக்டர். பல் தேய்ப்பேன், அம்மா காபி தருவாள், அதோடு மாத்திரையை முழுங்குவேன் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலி பேட் என்றேனே?"

"காலி பேட்தான் டாக்டர்! சிர்ஃப் காபி, வெறும் காபிதானே" என்றாள் அம்மா, மகா நியாயமாக.

ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் காபி குடிக்கிற வீடு எங்களுடையது. காபியை ஆகாரம் என்று யார் நினைத்தார்கள்? டாக்டர் சிரித்துவிட்டார். மாத்திரை உடம்பில் சேராமலே போயிருக்கிறது, இனி தண்ணீர் மட்டும், முக்கால் மணி கழித்துத்தான் காபி என்றார். அம்மா சிரிக்கவில்லை. படியிறங்கும்போது, "நானேதான்டி என் கையாலே குடுத்துண்டிருந்தேன்" என்றாள்.

இரண்டாவது பரீட்சை ஜனவரியில் வந்தது. அதற்குள் முகம் வடிந்திருந்தது, தூக்கம் தெளிந்திருந்தது. ஆனால் மெஷின் முன் உட்கார்ந்ததும் விரல்கள் சில்லிட்டன. போச்சு, திரும்பி வந்துவிட்டது என்று கைகளை மறுபடி அக்குளில் செருகிக்கொண்டேன். அப்போது பக்கத்து நாற்காலிப் பெண் உள்ளங்கையை ஊதிக்கொண்டு, "கித்னீ டண்ட் ஹை, நா?" என்றாள். என்ன குளிர், இல்லையா என்று என்னைக் கேட்கிறாள்! சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அது பம்பாயின் குளிர், எனக்கு மட்டும் வந்ததல்ல. அடிக்க ஆரம்பித்தேன். வேலை நிரந்தரமானது.

இப்போதும் என் காலை அந்த முக்கால் மணியில்தான் தொடங்குகிறது. டிகாக்‌ஷன் இறங்கி வாசனை வந்துவிடும். நான் குடிக்கும்வரை அம்மாவும் குடிப்பதில்லை. "குளிர்றதாடி?" என்பாள் சில நாள். பதில் சொல்லுமுன் அவள் கையில் மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று பார்ப்பேன்.