கால்தா மேடு நன்றாக இருக்கிறது

அந்த வடகோடித் தீவில், கால்தா மேட்டுச் சாலையைப் பற்றி ஸ்டுர்லா சொன்னால் சொன்னதுதான். இருபத்திரண்டு வருடமாக, குளிர்காலம் முழுக்க, காலை ஐந்து மணிக்குத் தன் பிக்கப் வண்டியில் மேட்டின் உச்சிவரை போய்த் திரும்புவார். ஆறரைக்குச் சாலை அலுவலகத்துக்குப் போன் செய்வார். அவர் சொன்னதை வைத்து அங்கே வரைபடத்தில் அந்தச் சாலைக்கு நிறம் போடுவார்கள். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் பால் லாரி கிளம்பும், பிரசவத்துக்குப் போகிறவள் கிளம்புவாள், வெளிநாட்டிலிருந்து வந்த சுற்றுலாக்காரனும் கிளம்புவான்.

சொல்லில் மனிதர் மகா கஞ்சன். வண்டி தலைகுப்புறக் கவிழும் அளவுக்குப் பனிக்கட்டி உறைந்து கிடந்தால் "கொஞ்சம் வழுக்கும்" என்பார். நீட்டிய கை தெரியாத பனிப்புயலுக்கு அவர் வைத்த பெயர் "காத்து இருக்கு." உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. "ஸ்டுர்லா காத்துன்னுட்டான், பேசாம வீட்ல கெட" என்று பெட்ரோல் கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

மனைவி இறந்து ஆறு வருடம். மகள் ரன்வெய்க் மேட்டுக்கு அந்தப் பக்கம், தூரத்து நகரத்தில் குடும்பமாக இருந்தாள். அந்த வருடம் ஏப்ரலில் வந்தபோது தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டாள்.

"நான் வந்துட்டா மேட்ட யாரு பாப்பா?"

"மேடு எங்கயும் ஓடிப் போயிடாதுப்பா. நாங்கதான் போயிட்டோம்."

அதற்கு அவர் கோபித்துக்கொண்டார். எட்டு மாதம் பேச்சு இல்லை. இலையுதிர் காலத்தில் பேரக்குழந்தை பிறந்ததைப் போனில் வந்த படத்தில்தான் பார்த்தார். டிசம்பர் நடுவில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் அம்மாவைப் புதைத்த கோயிலில்தான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இருபத்து மூன்றாம் தேதி மதியம் ஒரு மணிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மேடேறிவிடுவாள். பிள்ளையின் பெயர் என்ன என்று இவர் கேட்கவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்வரை பெயரை அங்கே யாருக்கும் சொல்லமாட்டார்கள், கேட்பதும் மரியாதையில்லை.

இருபத்து மூன்றாம் தேதி விடியற்காலை நாலு மணிக்கே எழுந்தார். மகள் படுத்த பழைய தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கிப் பூட்டினார். ஒரு திருகாணி குறைந்தது. அதைத் தேடித் தகரப்பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தார். கிடைத்தபோது மணி ஆறு இருபத்தைந்து. சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நட்சத்திரம் இருந்தது, காற்று இல்லை. நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தார். நினைத்தாரா, ஆசைப்பட்டாரா என்று கேட்டால், ஆசைதான்.

அலுவலகத்தில் தோர்டிஸ் எடுத்தாள். "கால்தா எப்படி?"

"நல்லா இருக்கு."

"என்ன ஸ்டுர்லா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்குன்னா எழுதிக்கயேன்" என்று வைத்துவிட்டார். வரைபடத்தில் மேடு பச்சையாகிவிட்டது: தாராளமாகப் போகலாம்.

பத்து மணிக்குக் காற்று வடக்கே திரும்பியது. கூரைத் தகரம் ஒருமுறை படபடத்தது. திருக்கை மீனை வேகப்போட எடுத்து வைத்த சட்டியை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பாதி மேட்டில், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைகளுக்கு நடுவே, வாடகைக்கு எடுத்த சின்ன வெள்ளைக் கார் ஒன்று பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஸ்பெயினிலிருந்து வந்த கணவன் மனைவி. இருவரையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பப் பார்த்தால், பனி மூடி, பின்னால் சாலையே இல்லை. உச்சிப் பக்கம் நகர்ந்தார். பனிக்குவியலில் வண்டி வயிறுவரை புதைந்து நின்றது.

வண்டியில் ரேடியோ இருந்தது. பேசும் கருவியைக் கையில் எடுக்கவும் செய்தார். அழுத்தினால் தோர்டிஸ் கேட்பாள்: காலைல நல்லா இருக்குன்னீங்களே? மாவட்டம் முழுக்க அதைக் கேட்கும். கருவியைத் திரும்ப மாட்டினார். முதலில் ஆட்களைக் குடிசையில் சேர்ப்போம், அங்கேயும் ஒரு ரேடியோ இருக்கிறது, நிதானமாகச் சொல்லிக்கொள்வோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். ஆபத்துக்கு ஒதுங்க மீட்புக்குழு கட்டிய அந்த ஆரஞ்சுக் குடிசை நூற்றைம்பது அடி தூரம்தான். மூவரும் கையைக் கோத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மூச்சு முட்டிவிட்டது. உள்ளே ரேடியோவுக்கு உயிர் இருந்தது. கூரைமேல் இருந்த ஏரியல் கம்பியைத்தான் காற்று ஒடித்துப் போட்டிருந்தது. கைப்பேசிக்கு அந்த மேட்டில் என்றைக்கும் சிக்னல் கிடையாது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அந்தத் தீவில் பல்லி கிடையாது. ஸ்டுர்லா இருந்தார்.

ஸ்பெயினிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் பெயர் மைத்தே. கணவனின் விறைத்த விரல்களைத் தேய்த்துவிட்டபடியே பேசினாள். "நாங்க தெற்கே எரிமலை பாக்கத்தான் வந்தோம். அங்க எல்லாத்தையும் மூடிட்டாங்க. வடக்க எங்க போலாம்னு தேடினா இந்த ரோடுதான் பச்சை. ஒண்ணுக்கு மூணு தடவ பாத்துட்டுத்தான் ஏறினோம்."

"இங்க சீக்கிரம் மாறிடும்" என்றார் ஸ்டுர்லா. சொன்னது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

மணி பன்னிரண்டு தாண்டியது. ரன்வெய்க் இந்நேரம் வரைபடத்தைப் பார்ப்பாள். பச்சை. அப்பா சொன்ன பச்சை. பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக் கட்டிவிட்டு ஏறுவாள். அந்தப் பக்கத்து ஏற்றத்தில் ஒதுங்கக் குடிசைகூட இல்லை.

எழுந்து, குடிசையில் கிடந்த கயிற்றைக் கதவில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டி ரேடியோவைத் தேடிப் போனார். சாலையோரத்து மஞ்சள் குச்சி ஒன்று தட்டுப்பட்டது. அடுத்தது தெரியவில்லை. கயிறு தீர்ந்த இடத்தில் நின்று கையை வீசித் துழாவினார். வண்டி அங்கேதான் பத்தடியிலோ இருபதடியிலோ இருந்தது. கயிற்றை அவிழ்க்கக் கை போனது. அவிழ்த்தால் வண்டியும் கிடைக்காது, குடிசையும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். திரும்பினார். இன்னொரு முறை போனார், இன்னொரு முறை திரும்பினார். மூன்றாம் முறை கிளம்பியபோது மைத்தே கதவை மறித்து நின்றாள்.

"அப்படி என்னங்க அவசரம்? நாமதான் பத்திரமா இருக்கோமே."

மணி ஒன்று. அவர் பலகையில் உட்கார்ந்தார். தாடியில் ஒட்டிய பனி உருகிச் சொட்டியது.

"அந்தப் பச்சை நான் சொன்னது. காலைல மேல வந்து பாக்கவே இல்ல. ஜன்னல்ல பாத்துட்டுச் சொல்லிட்டேன். எம் பொண்ணு கைக்குழந்தையோட வரணும்னு சொல்லிட்டேன். இப்ப அத நம்பி அவ ஏறிக்கிட்டிருப்பா."

மைத்தேயின் கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு துண்டு சாக்லேட்டை உடைத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவர் அதைத் தொடவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த மேட்டில் யார் யாரையோ பனியிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார். அந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அந்த நான்கு சுவருக்குள் மனிதர் பயந்தார், அதை மறைக்கவும் இல்லை.

மூன்று மணிக்கு வெளியே இன்ஜின் சத்தம். கதவை உதைத்துத் திறந்துகொண்டு மீட்புக்குழுத் தலைவன் பால்டுர் உள்ளே விழுந்தான்.

"யோவ் ஸ்டுர்லா! உயிரோட இருக்கியா, இல்ல உன் பாஷைல கொஞ்சம் சளியா?"

"ரன்வெய்க் எங்கய்யா?"

"அவதான்யா எங்கள இங்க தொரத்தினா. வா, நீயே பேசு."

வெளியே நின்ற, பனியில் ஓடும் பட்டைச் சக்கர வண்டியில் ஏற்றி அதன் ரேடியோவை நீட்டினான். அந்தப் பக்கத்து மீட்புக்குழுக் கொட்டகையிலிருந்து மகளின் குரல் வந்தது. பின்னால் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் ஸ்டுர்லாவுக்குக் கால் தரையில் பாவியது.

"நீ ஏறலையா?"

"எப்படி ஏறுவேன்? பச்சைனு போட்டிருந்தாங்க. தோர்டிஸுக்குப் போன் போட்டேன். நீ நல்லா இருக்குன்னு சொன்னியாம். டிசம்பர் மாசத்துல நீ அந்த வார்த்தைய ஒரு தடவகூட சொன்னதில்லப்பா. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ மேட்டப் பாக்கப் போகல. வீட்டுக்கு அடிச்சா எடுக்க ஆளில்ல. பால்டுரக் கூப்டேன்."

ஸ்டுர்லா தன் வாய்ச்சொல்லை நம்பி அவள் சாகப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தார். அவளோ அதை நம்பாமல்தான் பிழைத்திருக்கிறாள். அழுதார். பால்டுர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடுவில் ரேடியோவில் தோர்டிஸ் குறுக்கே வந்தாள். "ஸ்டுர்லா, வரைபடத்துல இன்னும் பச்சைதான் கெடக்கு. ரெண்டு பேர் அத நம்பி மேட்டுல ஏறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். என்ன போடட்டும்?"

மூடினால் மகள் அந்தப் பக்கம், தொட்டில் இந்தப் பக்கம். காற்று இப்படியே நாலு நாள் அடிக்கும் என்று வானிலைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு மூன்றே நாள்.

"மூடு" என்றார். பிறகு அவர் வாயில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். "ரொம்ப மோசமா இருக்கு. காலைல நான் பாக்காம சொன்னேன். என் தப்பு."

ரேடியோவில் மாவட்டம் முழுக்க அதைக் கேட்டது.

"அப்பா" என்றாள் ரன்வெய்க். "அழாத."

"பேரையாவது சொல்லேன்."

"ஊரே கேட்டுக்கிட்டிருக்கு, இதுல பேர் சொல்லவா? நீ மேட்டப் பாத்துச் சொல்லு. நான் வந்து சொல்றேன்."

"காலைல போய்ப் பாக்குறேன்."

"பாத்துட்டுச் சொல்லு" என்றாள்.