எண்பது சிசியும் என் அண்ணனின் சந்தேகமும்

என் அண்ணன் ஒரு தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்து, வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்க்கிறவன். அந்த வேலைக்கு அவனைப் பொறுக்கி எடுத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஆளைப் பார்த்தே எடை போடுகிறவராக இருந்திருக்க வேண்டும். அண்ணன் பையைப் பார்ப்பதைவிட, பையைத் திறக்கிற ஆளின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பான். காலி டிபன் பாக்ஸைக்கூடக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பான். அங்கே எல்லோரும் அவனை 'செக்கிங்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் சட்டையைத்தான் கழற்றுவானே தவிர வேலையைக் கழற்ற மாட்டான். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால், இன்றைக்கு எதற்குச் சிரித்தார் என்று சாயங்காலம் வரை யோசிப்பான்.

அவன் சந்தேகங்களிலேயே மூத்தது, முப்பது வருடத்துக்கும் மேலாகச் சோறு போட்டு வளர்த்தது, என் வீட்டுக்காரர் மேல் உள்ளதுதான்.

அது ஒரு சின்ன பைக்கில் ஆரம்பித்தது. அப்பா டிப்பர் லாரி ஓட்டினார். ஒரு நாள் மணல் இறக்கிவிட்டு வரும்போது லாரிக்குப் பின்னால் ஒரு குட்டி வண்டியைக் கட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். எண்பது சிசி, டூ-ஸ்ட்ரோக், சேற்றிலும் மேட்டிலும் ஓட்டவென்றே செய்தது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. யாரோ வசதியான வீட்டுப் பையனுக்குக் கால் நீண்டுவிட்டதால் வேண்டாமென்று விட்டது. அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது, ஊதினால் பறந்துவிடும் உடம்பு. அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதன் இருந்தான். அந்தச் சிநேகிதன்தான் பிற்பாடு என் வீட்டுக்காரர் ஆனார்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. லீவு நாளெல்லாம் இரண்டு பேரும் அங்கேதான் கிடந்தார்கள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னையும் ஓட்ட விடுவார்கள். தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் முதலில் ஒன்றுமே நடக்காது, இதென்ன வண்டி என்று தோன்றும். சட்டென்று ஒரு கட்டத்தில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல் பாயும், வயிறு பின்னாலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் தலைமுடியில், துப்பட்டாவில், நகக்கண்ணில் எல்லாம் அந்த எண்ணெய்ப் புகை வாசனை. எத்தனை தடவை தலை குளித்தாலும் போகாது. எனக்கு அது போகவும் வேண்டாமென்றிருந்தது.

அந்த மாதிரி வண்டிகளுக்குப் பெட்ரோலை அப்படியே ஊற்ற முடியாது, எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் சூடேறி உள்ளே இறுகிவிடும். கூடினால் புகை கக்கி, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக் நனைந்து, ஓடுகிற வண்டி படுத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் கலக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். சிநேகிதர் ஒரு மருந்துக் குப்பியில் கோடு கீறி வைத்திருந்தார். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி அளப்பார். எஞ்சின் என்றால் அவருக்கு உயிர். அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், அதோடு சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், அது அவன் டிபார்ட்மென்ட் என்பான்.

அந்த வருடம் குவாரியில் ஒரு பந்தயம் வைத்தார்கள். பெரிய கேரேஜ் வைத்திருந்த ஒருவரின் மகனும் ஓட்டினான். அண்ணன்தான் ஜெயிப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள்; கேரேஜ்காரரே சொன்னார். கிளம்பும்போதே வண்டி வழக்கத்தைவிட அதிகமாகப் புகை விட்டது. முதல் சுற்றில் அண்ணன்தான் முன்னால். இரண்டாவது சுற்றில் மேடு ஏறும்போது வண்டி இருமியது, முக்கியது, நின்றது. கேரேஜ்காரர் மகன் அவன் கண்ணெதிரே தாண்டிப் போனான். சிநேகிதர் ஓடிப்போய் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பாக்கெட்டைத்தான் அண்ணன் இன்றுவரை விடவில்லை. தடயத்தை மறைத்தான் என்பான். பெட்ரோலில் தண்ணீர் கலந்தான் என்று ஒரு வருடம், சர்க்கரை போட்டான் என்று ஒரு வருடம். இது போதாதென்று, பந்தயம் முடிந்த மாதமே அந்தக் கேரேஜ்காரரிடம் சிநேகிதர் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்தும் விலகி, ஸ்பேனரையே தொட மாட்டேன் என்று, தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலைக்குப் போனார். குற்ற உணர்ச்சி குத்துகிறது என்று அதையும் அண்ணன் சாட்சிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டான்.

நான் பிடிவாதம் பிடித்து அவரையே கல்யாணம் செய்துகொண்டேன். அண்ணன் அதற்கு, ஊர்வலத்துக்கு வந்த போலீஸ்காரர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அன்றிலிருந்து அவரை "வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை" என்று மரியாதையிலேயே தள்ளி வைத்தான். என் வீட்டில் டீ குடிப்பான். ஆனால் நான் போட்டதா அவர் போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது. கூடவே இருக்கிறவனின் சந்தேகம் மெதுவாக நமக்கும் வந்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் ஒரு மீட்டரை ஒரு தடவை பார்த்து எழுத மாட்டார். தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பார். கதவைப் பூட்டுவார், திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பார். மகளுக்கு இருமல் மருந்து கொடுக்கச் சொன்னால், நீயே அளந்து கொடு என்று ஸ்பூனை என் கையில் திணிப்பார். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத ஆள் இப்படியா இருப்பார்? ஒருவேளை அண்ணன் சொல்வது நிஜமோ? சொந்தச் சிநேகிதனை விற்றவரோடா இத்தனை வருடம் குடும்பம் நடத்துகிறேன்? அவர் சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, தூங்கும்போது எல்லாம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் பிடிபடாது. அவர் நல்லவராக இருந்தது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. எதையோ ஈடுகட்டத்தான் இவ்வளவு நல்லவராக இருக்கிறாரோ என்று அதிலும் ஒரு முள்.

போன மாதம் அண்ணனுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இன்னொரு கண்ணில் பார்வை மங்கிப்போய் வருடக் கணக்காகிறது; ஆக இருப்பது இந்த ஒன்றுதான். அண்ணி தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்ததால், அண்ணனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட வேண்டும், சீழ் பிடித்தால் கண் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பகலில் நான் லாண்டரிக் கடை கவுன்டரில் இருப்பேன். மதியத்தோடு வேலை முடிந்து வீட்டில் இருப்பவர் என் வீட்டுக்காரர்தான்.

அவர் கையால் அண்ணன் கண்ணைத் திறப்பானா? தானே போட்டுக்கொள்கிறேன் என்று பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். போட்டதில் பாதி கன்னத்துக்கும் பாதி தலையணைக்கும் போனது. இரண்டே நாளில் கண் மிளகாய்ப் பழமாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் இப்படியே போனால் என்னிடம் வராதீர்கள் என்று சத்தம் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அண்ணனைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் எனக்கு லீவு. அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, தலையை நான் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் பாட்டிலோடு வந்தார். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் விட வேண்டும். டிவி பார்க்கக் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது. அதனால் இரண்டு ஆண்பிள்ளைகளும் வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். குவாரியின் மேற்குப் பக்கச் சரிவு, மழை நின்ற மறுநாள் வண்டியைச் சேற்றில் இறக்கிவிட்டு மூன்று பேருமாக இழுத்தது, அப்பாவைப் பார்த்து நான் ஹெல்மெட்டோடு புதரில் ஒளிந்தது. அண்ணன் சிரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு, அவர் இருக்கும்போது அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் புகை வாசனையே வந்த மாதிரி இருந்தது. அப்படியே பேச்சு பந்தயத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

கண்ணை மூடியபடியே அண்ணன் என்னிடம் சொன்னான்: "நான் ஒண்ணும் ஏமாளி இல்ல, தெரிஞ்சுக்கோ. முந்தின நாள் சாயங்காலம் இவரு அந்தக் கேரேஜ்காரன்கூட சிரிச்சுப் பேசிட்டு நின்னதைப் பாத்துட்டேன். எண்ணெய் கலக்காம விட்டு எஞ்சினை இறுக வைக்கப் போறாருன்னு அப்பவே தோணுச்சு. காலையில இவரு பந்தய நம்பர் போர்டு வாங்கப் போன நேரத்துல, நானே பெட்ரோல் கேன்ல எண்ணெயை ஊத்தி நல்லா ஆட்டி வெச்சேன். அப்படியும் கவுத்துட்டாரு பாரு. அது எப்படின்னுதான் இன்னிவரைக்கும் எனக்குப் புரியல."

இத்தனை வருடமாக யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த சாமர்த்தியம். அதைச் சொன்னபோது அவன் உதட்டில் ஒரு பெருமை வேறு.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து, அண்ணன் இமையை விரலால் தூக்கி, ஒரு சொட்டு சரியாக நடுவில் விட்டார். மூடியைத் திருகினார். எழுந்து சமையலறைக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நான்தான் மறந்துபோய் எண்ணெயை ரெண்டு தடவை ஊத்திட்டேன்னு நினைச்சேன்" என்றார். "பிளக்கைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, எண்ணெய் கூடிப்போச்சுன்னு. ஊத்தினது நான்தானே. இனிமே தப்பு வராம வேலையைக் கத்துக்கத்தான் அந்தக் கேரேஜுக்கே போனேன். அங்க குப்பியைக் கையில எடுத்தாலே, ஊத்திட்டேனா இல்லையான்னு சந்தேகம் வந்துடும். முப்பது வருஷமா என் கையை நானே நம்பல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

உண்மைதான். முகத்தை முகத்தைப் பார்த்தேனே தவிர, நான் ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு மனிதனின் தொழிலே போயிருக்கிறது. உயிராக நினைத்த எஞ்சினை விட்டுவிட்டு, ஊரார் வீட்டுக் குழாய்களைக் குனிந்து குனிந்து பார்த்தே அவர் முதுகு வளைந்துவிட்டது. அண்ணனிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே, ஆபரேஷன் செய்த கண் என்றார். என் குணம் அவருக்குத் தெரியாதா என்ன? நேராக உள்ளே போய்ப் போட்டு உடைத்தேன்.

அண்ணன் முதலில், இப்படிச் சொல்லச் சொல்லி உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான். அப்புறம், எண்ணெய் கூடினால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்றான். இல்லை, அவர் ஊற்றியதே சரியான அளவு, அதன் மேல் நீ ஊற்றியதுதான் வண்டியைப் படுக்க வைத்தது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லை. என்னிடம் வேறு எதையும் கேட்கவும் இல்லை. அவன் கேள்வி கேட்காமல் இருந்தது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

சாயங்காலச் சொட்டு போடும் நேரம் வந்தது. வீட்டுக்காரர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணன் தானாகவே திரும்பிப் படுத்துக் கண்ணாடியைக் கழற்றினான். நான் தலையைப் பிடிக்கப் போனேன், வேண்டாமென்று கையைத் தள்ளிவிட்டான்.

"அந்தப் பிளக்கை ஏன்டா பாக்கெட்ல போட்டே?"

"வெக்கமா இருந்துச்சு. உன்னைக் கவுத்துட்டேனேன்னு."

அண்ணனின் சிவந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரமாக இறங்கியது. அவன் துடைக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை.

"அழாதடா, மருந்து நிக்காது" என்றார் என் வீட்டுக்காரர். துண்டின் நுனியால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.