சுவரில் வரைந்த கடைசி நாள்

எங்கள் ஜெபக்கூடத்துக்குப் பின்னால் செம்மண் மேடு. அந்த மண் சரியாமல் இருக்க, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கல் சுவர். இருபது வருஷத்துக்கு முன்னால் கூலி வாங்காமல் அதைக் கட்டியவர் என் அண்ணன். கொத்தனார். சுவரின் அடியில் முழத்துக்கு ஒன்றாகச் சின்ன ஓட்டைகள் விட்டிருந்தார். மேட்டுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் அவை வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும்.

அண்ணனை ஒரே வரியில் சொல்வதென்றால், யார் வீட்டு வேலைக்குப் போனாலும் அவர்கள் கேட்டதைவிட ஒரு சாண் ஆழமாக அஸ்திவாரம் தோண்டுகிறவர். "நாங்க மாடி எடுக்கப் போறதில்லையே கொத்தனாரே" என்பார்கள். "உங்க பேரன் எடுப்பான்ல" என்பார். கேட்டவருக்குச் சில சமயம் கல்யாணமே ஆகியிருக்காது.

சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை. பெண்களும் பிள்ளைகளும் அங்கேதான் உட்காருவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, எங்கள் சபையை நடத்தும் மூப்பர் அந்தச் சுவரில் உலகத்தின் கடைசி நாளைப் படமாக வரைய ஏற்பாடு செய்தார். மூப்பர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர், நல்ல மனுஷர். படம் வழவழப்பாக வர வேண்டும் என்று அடியிலிருந்து உச்சி வரை சிமெண்ட் பூசினார்கள். அதன்மேல் எரிகிற வானம், விழுகிற நட்சத்திரம், பிளந்த பூமியில் நெருப்பு. அண்ணன் திரும்பி வந்து வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. என் ஓட்டையெல்லாம் எங்க?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

முதல் வருஷம் மழை குறைவு. இந்த வருஷம் பிடித்த மழை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், படத்திலிருந்த நெருப்புக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ கசிந்தது. தொட்ட விரல் சிவந்தது. மூப்பர் முழங்கால் போட்டுவிட்டார். அன்றைக்கே தெரு முழுக்கப் பரவிவிட்டது. சுவர் இரத்தம் வடிக்கிறது, முடிவு வந்துவிட்டது என்று. தையல்காரர் ஒருவர் வெட்டிய துணிகளைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தார். பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். சனிக்கிழமை முழுநாள் உபவாச ஜெபம், அந்தச் சுவரடியிலேயே என்று அறிவிப்பு ஆனது.

அண்ணன் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார். சுவரின் வயிறு இரண்டு விரல் முன்னால் வந்திருந்தது. புதன்கிழமை மூன்று விரல். நேராக மூப்பரின் கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன்.

"அண்ணே, அது மண்ணுத்தண்ணி. போக வழியில்லாம நிக்குது. ஓட்டையத் திறக்க விடுங்க. இல்லேன்னா சனிக்கிழமை யாரையும் அங்க உக்கார வைக்காதீங்க."

மூப்பர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றவில்லை. "அடையாளத்து மேல உளி வைக்கச் சொல்றியா தம்பி? எரியப்போற வீட்டுக்கு எதுக்குப் பூச்சு வேலை?"

"எரிக்கிறதுக்கா ஆண்டவர் இந்த உலகத்தை உயிரைக் கொடுத்து வாங்கினாரு? நீங்களே சொல்லுங்க."

"உலகம் நாளுக்கு நாள் கெட்டுப்போறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. எங்கம்மா பெத்தது ஏழு, தங்குனது ரெண்டு. இன்னைக்கு நம்ம தெருவுல அப்படி எந்தத் தாயாவது அழுவுறாளா? எங்கப்பா குடிச்சிட்டு அடிச்ச அடி எனக்குத் தெரியும். அந்த மனுஷன் கடைசிப் பத்து வருஷம் ஜெபக்கூடத்துக்குக் கதவு திறந்துவிட்டாரு. அவர் பன்னண்டு சீஷர் கையில கொடுத்த செய்தி இந்தச் சந்து வரைக்கும் நடந்து வந்திருக்கு. மாவுக்குள்ள புளிப்பு ஏறுற மாதிரி ஏறிட்டுத்தான் இருக்கு. தோத்துப்போற செய்தின்னா அதுக்கு நல்ல செய்தின்னு எதுக்குப் பேரு வச்சோம்? அவர் வருவாரு. பூமியெல்லாம் அவரை அறிஞ்சு நிறைஞ்ச பிறகு, தன் வீட்டுக்கு வர்ற மாதிரி வருவாரு. சும்மா சாம்பல் அள்ள வரமாட்டாரு."

"ரொம்பப் படிச்சவன்தான் நீ."

"நாலாங்கிளாஸ்ணே. நீங்க அஞ்சு. அதான் மூப்பர்."

மூப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அனுமதி வரவில்லை. சுவரைத் தொட்டால் சபையை விட்டு நீக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். முப்பது வருஷ சபை.

சனிக்கிழமை காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு பெய்தது. கொட்டகைக்குள் அறுபது பேருக்கு மேல் இருப்போம். சுவர் பக்கத்திலிருந்து கல்லோடு கல் உரசுவதுபோல அவ்வப்போது ஒரு சத்தம். அது கேட்கும்போதெல்லாம் மூப்பர் இன்னும் சத்தமாக ஜெபித்தார். பத்து மணிக்கு அண்ணன் உளியும் சம்மட்டியுமாக வந்தார்.

"எல்லாரும் முன் கூடத்துக்குப் போங்க. அங்கயும் அவர் கேப்பாரு."

யாரும் எழுந்திருக்கவில்லை. "உங்கண்ணனுக்குப் பரலோகத்துலயும் கலவை குழைக்கணும் போல" என்று பக்கத்திலிருந்த சித்தி என் காதில் சொன்னாள். அண்ணன் என்னைப் பார்த்தார். எழுந்தால் மூப்பரை எதிர்த்ததாக ஆகிவிடும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றுவரை அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூப்பர் வந்து சுவரை மறைத்து நின்றார். அண்ணன் அவரை விலக்கவில்லை. ஓரமாகப் போய், படத்தில் நெருப்பு தொடங்குகிற இடத்தில் குனிந்து அடித்தார். நாலாவது அடியில் பூச்சு உடைந்து தண்ணீர் பீறிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. செந்தண்ணீர் பாய்களின் மேல் ஓடி, பிள்ளைகளின் மடி வரை ஏறியது. முடிவு வந்தாலும் அசையமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தவர்கள், பாவாடை நனைந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முன் கூடத்துக்கு ஓடினோம். மூப்பர் கடைசியாக, நனைந்த வேதப்புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அண்ணன் ஒன்பது ஓட்டை திறந்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் சுவரின் நடுப்பகுதி வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொட்டகை மேல் உட்கார்ந்தது. தகரம் காகிதம்போல மடங்கியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மண்.

மூப்பர் கூடத்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இது முடிவு இல்லையா?"

"ஒரு சுவர் விழுந்திருக்குண்ணே, அவ்வளவுதான். மேல இன்னும் மண்ணு இறங்கும். மேட்டு விளிம்புல மூணு வீடு இருக்கு. வாங்க, ஆளுங்கள வெளிய கொண்டு வரணும்."

மூப்பர் அவர் கையைப் பிடித்து எழுந்தார். இருவரும் மேடேறினார்கள், நாங்கள் சிலர் பின்னாலேயே போனோம். மேலே தரையில் ஒரு கீறல், கை நுழையும் அகலத்துக்கு, வீடுகளின் வாசலை நோக்கி ஓடியிருந்தது. முதல் வீட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூப்பர் இறங்கினார். அண்ணன் கடைசி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து யாரோ, "யாருங்க?" என்றார்கள். மழை விடவில்லை.