தாய்மாமன் சீராக வந்த வள்ளம்

என் தம்பி மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவளுடைய தாய்மாமன் போனில் கூப்பிட்டு, "என்ன வேணும்னு கேளு தாயி, மாமன் செய்யுதேன்" என்று சொல்லியிருக்கிறார். தாய்மாமன் அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. "ஒண்ணும் வேண்டாம் மாமா" என்று முதலில் நெளிய வேண்டும். உடனே அம்மாக்காரி போனை வாங்கி, "ஒரு செயின் போதும்ணே" என்று முடித்துவைக்க வேண்டும். இவள் நெளியவில்லை. "உங்க பழைய வள்ளத்தைக் குடுங்க மாமா" என்று கேட்டுவிட்டாள்.

மாமன் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் மீன் பிடிக்கிறவர். புது வள்ளம் வாங்கியபின் பழைய பைபர் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது; அதன் நிழலில் ஆடுகள் குடியிருந்தன. அவர் உடனே சம்மதித்துவிட்டார். செயினுக்குத் தப்பித்த சந்தோஷம் குரலிலேயே தெரிந்ததாம். இன்ஜினை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, துடுப்புகளையும் ஒரு பழைய வலையையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

தம்பிக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. எதையும் கண்காணிப்பான்; செய்யமாட்டான். செய்தியைக் கேட்டதும் ராஜபாளையத்திலிருந்து என்னை வரவழைத்தான், மகளுக்குப் புத்தி சொல்ல. எனக்கு ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு பேண்டேஜ் யூனிட் இருக்கிறது. தறித் துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறோம். என் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அங்கே முக்கியமான பொருள் துணி அல்ல, அதை ஏற்றிப்போகிற மினி லாரி. அதனால் நான் உள்ளே நுழைந்ததும் புத்தி கேட்க வேண்டியவளே முந்திக்கொண்டாள்.

"அத்தை, உங்க லாரி ஞாயித்துக்கிழமை சும்மாதான நிக்கும்?"

"ஏட்டி, கடல் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்?" என்று தம்பி குதித்தான். "வள்ளத்தை எங்க விடப் போற, பாத்ரூம்லயா?"

"கண்மாய்ல."

"கண்மாய்ல வருசத்துல எம்புட்டு நாள் தண்ணி கெடக்கும்?"

"நீங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் வேல பாக்கீங்க? அதுக்காக ஆபீஸைப் பூட்டிட்டாங்களாப்பா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சிரிப்பு வந்தால் நான் அப்படித்தான் செய்வேன்.

அவள் சும்மா ஆசைப்படவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மாமன் ஊரில் கடலில் கிடந்தவள். டியூஷனுக்குப் போகும் வழியில் கண்மாய்க் கரையில் சைக்கிளை நிறுத்தி, கண்மாய் மீனை ஏலத்தில் எடுத்த மீன்பாசிக் குத்தகைக்காரரின் ஆட்கள் லாரி டியூபின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வலை விடுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு கையால் வலை, ஒரு கையால் நீச்சல். பிடித்த மீனை வைக்க இடமில்லாமல் ஒவ்வொரு முறையும் கரைக்கு வருவார்கள். ஒரு வள்ளம் இருந்தால் வேலை பாதியாகுமே என்பது அவளுடைய யோசனை. யோசனையில் ஒரு குறையும் இல்லை. அது ஒரு பெண் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான் குறை.

அதுவரை அரிசி களைந்துகொண்டிருந்த தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "மதினி, நீங்களே கேளுங்க. கடக்கரைக்காரி மக மீன் பிடிக்கக் கூடாதுன்னா, கடக்கரைக்காரிய எதுக்குக் கட்டுனாங்களாம்?"

கல்லூரியில் சேர்ந்தால் வள்ளம் வரலாம் என்று தம்பி ஒரு நிபந்தனை போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டான். அவளும் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுத்தாள். மீனும் விலங்கில் சேர்த்திதானே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் டிரைவரும் போனோம். வள்ளம் என் லாரியைவிட நீளம் என்று யாரும் சொல்லவில்லை. மாமனும் அவருடைய ஆட்களும் தூக்கி வைத்தபோது அதன் மூக்கு டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டது. பின்பக்கம் ரோட்டில் தொங்கியது. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்றார் டிரைவர். லாரியில் சிவப்புத் துணி இல்லை. பேண்டேஜ்தான் இருந்தது. சுற்றிக் கட்டினோம். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இருந்தது வள்ளம்.

கழுகுமலை பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். லாரியைச் சுற்றி வந்து, பேண்டேஜைத் தொட்டுப் பார்த்து, "எங்கம்மா போகுது இது?" என்றார்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு," என்றேன் நான்.

"அங்க கடல் எப்பம்மா வந்துச்சு?"

"வரும் சார்," என்றாள் இவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "வள்ளம் முன்னாடி போகுது."

அவர் சிரிக்காமல் இருக்கப் படாதபாடுபட்டு, மெதுவாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தம்பி வீட்டுத் தெருவுக்குள் வள்ளம் திரும்பாது என்பதால் என் யூனிட் முற்றத்தில் இறக்கினோம். அன்றிலிருந்து ராஜபாளையத்தில் எவ்வளவு கப்பல் நிபுணர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், பஞ்சு புரோக்கர்கள், இன்ஷூரன்ஸ் ஆள், வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிற பக்கத்து வீட்டு அம்மா என்று எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் வள்ளத்தை முஷ்டியால் தட்டிப் பார்த்தார்கள். தர்பூசணி வாங்குகிற மாதிரி. "இது தாங்காது" என்றார் ஒருவர். "இது கண்மாய்க்கு ரொம்ப ஜாஸ்தி" என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தவர்கள்.

அடியில் ஒரு வெடிப்பு இருந்தது உண்மை. என் சூப்பர்வைசர் நம்மிடம் இல்லாத துணியா என்று நாலு மடிப்புப் பேண்டேஜில் பசை தடவி ஒட்டப் போய்விட்டார். இவள் ஓடிவந்து தடுத்தாள். "அண்ணே, இதுக்குக் காயம் ஆறாது. பைபர் மேட் வேணும்." வேன் பம்பர் ஒட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் வந்து ஒழுங்காக ஒட்டிக்கொடுத்தார். கூடவே, கேட்காமலேயே, பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டும் போனார். வழக்கமாக எழுதுகிற கை, நிற்கவில்லையாம்.

இனி குத்தகைக்காரர். அவர் அனுமதி இல்லாமல் கண்மாயில் வள்ளம் இறங்காது. நானும் அவளும் கரைக்குப் போய்ப் பார்த்தோம். வயதில் என்னைவிடச் சின்னவர். பேச்சில் என் தாத்தாவைவிடப் பெரியவர். சுற்றி நாலைந்து ஆட்கள் வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"வள்ளம் நல்ல யோசனைதான்க்கா," என்றார். "வாடகைக்கு விடுங்க. எங்காளுக ஓட்டிக்கிடுவாங்க. பிள்ளை வீட்ல இருக்கட்டும்."

"ஏன்?"

"பொம்பளப் பிள்ளை தண்ணியில எறங்குனா மீன் படாதுக்கா. ஐதீகம்."

இவள் மரியாதையாகவே கேட்டாள். "அண்ணே, மீன்ல பாதி பொம்பளை மீன்தான?"

வலை உதறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். குத்தகைக்காரர் திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறியது.

"வள்ளம் தனியா வராது," என்றேன் நான். "பிள்ளையோட சேத்துத்தான். மீனுல ஒரு பங்கு அவளுக்கு. வேண்டாம்னா டியூப்லயே மெதங்குங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். தம்பிக்கு அன்று ஒரே சந்தோஷம். வாடகைக்கே கொடுத்துவிடலாம், பொம்பளப் பிள்ளைக்கு அலைச்சல் மிச்சம் என்று என்னிடம் வந்து ரகசியம் பேசினான். மகள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கல்லூரி விட்டதும் பஸ் ஏறி என் யூனிட்டுக்கு வந்தாள். முற்றத்தில் வள்ளத்துக்குள் உட்கார்ந்து பாடப் புத்தகம் படித்தாள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வந்தது. வேடிக்கையாகத் தொடங்கிய காரியம், அவளுக்கு வேடிக்கையாக இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்தது. முங்கிக் கிடந்த சீமைக் கருவேல முள் குத்தி ஒரு ஆளுடைய டியூப் நடுத்தண்ணீரில் வெடித்து, அவர் வலையைப் போட்டுவிட்டு நீந்திக் கரையேறினார். மறுநாள் குத்தகைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, அந்த ஐதீகத்துக்குப் பரிகாரம் விசாரிச்சேன். ஒரு தேங்கா ஒடச்சா சரியாப் போகுமாம்."

காலங்காலமாகப் பெண்களைத் தண்ணீரை விட்டு விலக்கிவைத்திருந்த சாஸ்திரம் ஒரு தேங்காய்க்கு இறங்கி வந்தது.

வள்ளம் இறக்குகிற அன்று கரையில் பாதித் தெரு கூடியது. தம்பி மனைவி தன் கடற்கரை ஊர் வழக்கப்படி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றில் அணைய அணைய மறுபடி ஏற்றினாள். குத்தகைக்காரர் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். என் டிரைவர் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, சக்கரமே இல்லாத வண்டியில் எதற்கடியில் வைப்பது என்று கரையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தம்பி ஆன்லைனில் வாங்கிய ஆரஞ்சு நிற லைப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, டூவீலரில் கடைத்தெரு வழியாக வந்து சேர்ந்தான்.

முதல் ஆளாக அவன்தான் ஏறினான். போட்டோவுக்காம். "உக்காந்துக்கோங்கப்பா" என்றாள் மகள். உட்கார்ந்தால் போட்டோவில் வயிறு தெரியும் என்று எழுந்து நின்று கையை ஆட்டினான். வள்ளமும் ஆடியது. அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தான்.

"போறேன்... ஏலே, பிடிங்கடா... நான் போறேன்..."

கரையில் ஒரே அலறல். அவனுக்குப் பின்னால் ஏறியிருந்த மகள் மட்டும் நிதானமாகக் கம்பை ஊன்றி வள்ளத்தை அவன் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அப்பா, எந்திரிச்சு நில்லுங்க."

நின்றான். தண்ணீர் இடுப்புக்குக் கீழே இருந்தது.

சம்பவம் இத்தனைதான். ஆனால் அது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது. திங்கட்கிழமை என் யூனிட்டில் துணி மடிக்கிற பெண் கேட்டாள்: "அக்கா, ஒங்க தம்பி கண்மாய்ல குதிச்சு மகளைக் காப்பாத்துனாங்களாமே? அவிய இல்லாட்டி பிள்ளை என்னாகியிருக்கும்!" தம்பியின் அலுவலகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு சின்னக் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். அவன் மறுக்கவில்லை. போர்த்திய சால்வையோடு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மையை நான் எழுதுதேன் பாரு" என்று போனை எடுத்தேன்.

"விடுங்க அத்தை," என்றாள் இவள். "சால்வை வாங்குனவரு இனிமே வள்ளத்துக்குப் பக்கத்துலயே வரமாட்டாரு. எனக்கு அது போதும்."

தொடக்கத்தில் அவள் கிழித்ததும் ஒன்றுமில்லை. கடல் வலையைக் கண்மாயில் விட்டாள். ஆகாயத்தாமரை வந்தது. பாட்டில்கள் வந்தன. ஒரு ஒற்றைச் செருப்பு வந்தது. வலைக் கண் பெரிது என்று ஆட்கள் சொன்னதை, "எங்க மாமா வலை" என்று கேட்க மறுத்தாள். கடலுக்குப் போனவள் என்கிற கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. கரையில் நின்றவர்களுக்கு அது தீபாவளி மாதிரி. குத்தகைக்காரர் தேங்காய் போதவில்லையோ என்று சத்தமாகச் சந்தேகப்பட்டார். ஒரு வாரம் இந்தக் கூத்து. பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் என் யூனிட்டுக்கு வந்தாள். உள்ளங்கை இரண்டும் கம்பு ஊன்றிக் கொப்புளமாகிக் கிடந்தன. நான் மருந்து போட்டுச் சுற்றிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். "சின்னக் கண்ணு வலை வாங்கணும் அத்தை" என்றாள். கர்வம் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நான் பேண்டேஜ் கட்டை இறுக்கினேன்.

வலை மாறியபிறகு மீன் பட்டது. முதலில் ஜிலேபிக் கெண்டை, அப்புறம் ரோகு, அப்புறம் ஒரு காலை, வள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி அடிப்பக்கமே அதிர்கிற மாதிரி கட்லா. நான் அன்று கரையில் இருந்தேன். முன்னால் ஒரு ஆள் வலை எடுக்க, இவள் பின்னால் நின்று கம்பை ஊன்றி, முட்களுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுவந்தாள். ஐதீகம் பேசிய குத்தகைக்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, "பாத்து தாயி, பாத்து" என்று வள்ளத்தின் மூக்கைப் பிடித்துக் கரைசேர்த்தார். அவருக்கு நான் அன்று ஒன்றும் ஞாபகப்படுத்தவில்லை. அப்படி ஞாபகப்படுத்தத் தொடங்கினால் ஊரில் யாரோடும் பேச முடியாது.

இப்போது தண்ணீர் கிடக்கிற மாதங்களில் விடியற்காலை கண்மாய், பத்து மணிக்குக் கல்லூரி என்று அவள் பாடு போகிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் மீன் வாடை முழுக்கப் போகாது. கூட உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டதாம். இவள் அதை என்னிடம் சொன்னபோது கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் கரையில் நான் நிற்கும்போது, அந்தப் பிள்ளையின் அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு.

"ஏம்மா, நீயும் எங்க பிள்ளையும் ஒரே கிளாஸ்தான? சிநேகிதின்னு வீட்ல ஒன்னப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. நல்ல கட்லாவா ஒண்ணு போடு. பாத்து, குறைச்சுப் போட்டுக் குடு."

இவள் செவுளைத் தூக்கிக் காட்டி, நல்ல மீனாகவே எடுத்துப் போட்டாள். விலையைக் குறைக்கவில்லை.

"செதில் நீங்களே உரசிக்கோங்க ஆன்ட்டி," என்றாள். "எங்கிட்ட வாடை அடிக்கும்."